நண்டு வழி

பாலம் பாக்கத்தானே தம்பி போறீங்க? கண்டக்டர்கிட்ட நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. தென்கரை வாசல் வந்தா நான் சொல்றேன், நிம்மதியா உக்காருங்க. இந்த பஸ்ஸு பைபாஸ் பாலத்தைச் சுத்திக்கிட்டு, வழியில இருக்கிற ஊருக்குள்ள எல்லாம் பூந்து பூந்துதான் அங்க போய்ச் சேரும். வடகரை வாசல்லயே எறங்கி, பழைய பாலத்து மேல நடந்திருந்தீங்கன்னா எப்பவோ அந்தக் கரைல இருந்திருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் போறாங்க. நான் பஸ்ஸுலதான் போறது. முட்டி வலி.

எந்த ஊரு தம்பிக்கு? என்ன வேலை? அட, நகராட்சி இஞ்சினியரா. அப்ப உங்க ஊர்லயும் பழைய பாலத்தை நடக்குறதுக்கும் சைக்கிளுக்கும் விடப் போறாங்க, அதுக்கு எங்களுதைப் பாத்துட்டு வரச் சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. சரியான ஆள் பக்கத்துலதான் வந்து உக்காந்திருக்கீங்க. எம்பேரு சிவக்கொழுந்து. இந்த நகராட்சில வரைபடம் போடுற வேலைல இருந்து ரிட்டையர் ஆனவன். ரிட்டையர் ஆனவனைக் கூப்பிட்டு நடைபாதைக் குழுவுக்குச் செயலாளராப் போட்டாங்க. நீங்க இன்னிக்குப் பாக்கப் போற வாசல், பெஞ்சு, கம்பி, போர்டு எல்லாம் நான் கோடு போட்டது. பெருமைக்குச் சொல்லல. கேட்டுப் பாருங்க, எல்லாரும் சொல்லுவாங்க.

இல்ல தம்பி, உங்களைப் பாக்கல. சும்மா படிக்கட்டுப் பக்கம் பாத்தேன்.

பாலத்தைத் தொறந்து விடுறது பெரிய வேலையே இல்லைன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. லாரி போன பாலம், மனுசன் நடக்கிறதுக்கு என்ன கேடுன்னு எங்க சேர்மனே கேட்டாரு. நான் சொன்னேன், ஐயா, லாரி பாட்டுக்குப் போயிடும். நடக்க வர்றவன் போக மாட்டான். ஆத்தைப் பாப்பான், போட்டோ எடுப்பான், கடலை திம்பான், தொலியைக் கீழ போடுவான், பொண்டாட்டியோட சண்டை போடுவான். அவனுக்குத்தான் பிளான் வேணும்னேன்.

யாரு வருவாங்க, எப்ப வருவாங்க, எப்படி வருவாங்க. இதுதான் தம்பி விஷயம். உங்க ஊர்லயும் இதை விட்டுடாதீங்க. நான் ரெண்டு கரையிலயும் போய்ப் போய்ப் பாத்தேன். காலங்காத்தால சக்கரை வியாதி கோஷ்டி கையை வீசிக்கிட்டு வருவாங்க. அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சைக்கிள்ல. சாயங்காலம் ஊரைச் சுத்திப் பாக்க வர்றவங்க. கைக்குழந்தை வச்சுத் தள்ளுற வண்டி போவணும். சக்கர நாற்காலி போவணும். மாசமா இருக்கிற பொண்ணு எவ்வளவு தூரத்துக்கு ஒருதடவை உக்காருவா, கண்ணு தெரியாதவரு கம்பியைப் புடிச்சிக்கிட்டு வந்தா எந்த எடத்துல கை வழுக்கும், எல்லாம் யோசிச்சேன். ஒரு ஆளை விடல. ஒரு ஆளையும் விடலங்கிறேன்.

ஒரே தொல்லை பைக்கு. தென்கரைப் பயலுவ முன் சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு ஓட்டுவானுவ. நடக்கிறவன் மேல உட்டுட்டா யாரு பதில் சொல்றது? அதுக்குத்தான் தென்கரை வாசல்ல அந்தக் கம்பித் தடுப்பு. நேரா உள்ள போக முடியாது. நொழைஞ்சு, வலது பக்கம் திரும்பி, மறுபடி இடது பக்கம் திரும்பித்தான் பாலத்துக்கு வரணும். ஆளு போயிடலாம். சைக்கிளை முன் சக்கரத்தைக் கொஞ்சம் ஒடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போயிடலாம். சக்கர நாற்காலி தாராளமாத் திரும்பும். பைக்கு மட்டும் மாட்டிக்கும். மொதல்ல இடுப்பு உயரத்துக்குத்தான் போட்டிருந்தேன். பயலுவ நாலு பேர் சேந்து பைக்கைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சிடுவானுவன்னு தோணுச்சு. ஆள் உயரத்துக்கு மேல ஏத்தினேன். மேல தகரத்துல வளைவு வச்சு ஊர்ப் பேரை எழுதினேன். பிள்ளைங்க அதுக்கு நண்டு வழின்னு பேரு வச்சிருக்குதுங்க. நண்டு மாதிரி ஒருக்களிச்சுப் போவுதாம். எனக்கே சிரிப்பா இருந்துச்சு.

எங்க அசிஸ்டென்ட் இஞ்சினியர் மேடம் சொன்னாங்க, ஒரு பக்கம் மட்டும் தொறக்கிற மாதிரி வச்சுப் பூட்டுப் போட்டுக்கலாமே சார்னு. நான் ஒத்துக்கல. வடகரைல பெரிய கேட்டு இருக்கு, ஆம்புலன்ஸு அதுவழியா வரட்டும். தென்கரைல பூட்டுன்னா சாவி யார்கிட்டன்னு பேச்சு வரும். கட்சிக்காரன் ஒரு சாவி கேப்பான், வார்டு மெம்பர் மச்சினன் ஒண்ணு கேப்பான். அப்புறம் கம்பி எதுக்கு? பூட்டே கூடாதுன்னுட்டேன். அடியில கான்கிரீட்டைக் கொட்டி நட்டாச்சு. நான் சொல்றது சரியா தப்பா, இஞ்சினியர் நீங்களே சொல்லுங்க.

கருத்துக் கேக்காம ஒண்ணும் பண்ணல தம்பி. அதையும் சொல்லிடுறேன். தென்கரை ஜனத்தை எல்லாம் கூப்பிட்டுத்தான் கூட்டம் போட்டோம். கல்யாண மண்டபத்துல. வாசல்ல பன்னீர் தெளிச்சு, சந்தனம் கல்கண்டு குடுத்து, ரேடியோ செட்டுல நாயனம் போட்டு, நம்ம ஊரு முறைப்படி குத்துவெளக்கு ஏத்தித்தான் ஆரம்பிச்சோம். படத்தைப் பெருசாப் பண்ணி மாட்டி, குச்சியை வச்சுக்கிட்டு நானே வெளக்கினேன். இந்த வழியா வருவீங்க, இப்படித் திரும்புவீங்க, இங்க உக்காருவீங்க. ஏதாச்சும் கொறை இருந்தா சொல்லுங்கன்னேன். கழிப்பறை கேட்டாங்க. லைட்டு கேட்டாங்க. ஒரு அம்மா ஆடு போக வழி கேட்டுச்சு. வேற ஒருத்தரும் வாயைத் தொறக்கல. தென்கரைப் பொணம் அத்தனையும் அந்தப் பாலத்து வழியாத்தான் வடகரை சுடுகாட்டுக்குப் போவுதுன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர், சொல்லல.

சொல்ல மாட்டாங்க தம்பி. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீங்க. வெளக்கு எரியுது, நாயனம் பாடுது, மாசமா இருக்கிற ரெண்டு பொண்ணுங்க முன் வரிசைல உக்காந்திருக்கு. அங்க எந்திரிச்சு நின்னு எங்க வூட்டுப் பாடை போவுமான்னு எவன் கேப்பான்? கேட்டா அவன் வூட்டுலதான் மொதல்ல சாவு விழும்னு அடிக்க வந்துடுவாங்க.

எனக்குத் தெரியாதான்னு கேக்குறீங்களா? தெரியும். நான் பொறந்ததே தென்கரைதான். எங்க அப்பாவை அந்த வழிதான் எடுத்தோம். நானே தோள் குடுத்திருக்கேன். ஆனா பிளான் போடுறப்ப அதை நெனைக்கிறதா? பொழுதுபோக்குக்கு வர்ற ஜனத்துக்கு வழி பண்ணச் சொன்னாங்க, பண்ணினேன். உயிரோட இருக்கிற எவனும் அதுல தாராளமாப் போலாம்.

எங்க மச்சான் மட்டும் கூட்டம் முடிஞ்சு வாசல்ல என்னைப் புடிச்சாரு. கலியபெருமாள்னு பேரு, எங்க அக்கா வூட்டுக்காரரு. ஆறடி ஆளு. எனக்கு எட்டு வயசுல எங்க அக்காவைக் கட்டினாரு, என்னை சைக்கிள் கம்பில வச்சு அந்தப் பாலத்துல ஓட்டிக்கிட்டுப் போனவரு. கொழுந்து, அந்தக் கம்பி விஷயம் கொஞ்சம் பேசணும்னாரு. பேசுங்க மச்சான்னேன். கைல சந்தனம் இருக்கு, வெளக்கு எரியுது, இன்னிக்கு வேணாம், நாளைக்கு வர்றேன்னாரு. நாளைக்கு ஆபீஸுல வேலை, நாளன்னிக்குப் படம் மேல போயிடும்னேன். சரி, பாத்துக்கலாம்னு போயிட்டாரு. வற்புறுத்திச் சொல்லியிருக்கலாமில்ல? அக்கா இதையும் என் தலைலதான் கட்டுது.

இதான் பைபாஸ் பாலம். அந்தப் பக்கம் பாருங்க, தெரியுதா, வளைவு வளைவா? அதான் பழைய பாலம். நல்லாருக்கா? நான் பாக்கல, நீங்க பாருங்க. எனக்கு வெயிலுக்குக் கண்ணு கூசுது.

தொறப்பு விழா நல்லா நடந்துச்சு. அதுக்கப்புறம் தென்கரைல கொஞ்ச நாளா யாரும் போவல. சாவு விழலன்னு சொல்றேன். ஐப்பசி மழை புடிச்சுக்கிட்டு ஊத்துது, ஆத்துல ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுத் தண்ணி. ஒரு நாள் காலைல அறிவழகன் போன் பண்றான். அக்கா மவன். மாமா, அப்பா டீ குடிச்சிக்கிட்டு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாருன்னான். ஓடினேன். அன்னிக்கு நடந்துதான் போனேன், பாலத்து வழியா, நண்டு வழில பூந்து. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? வழுக்கல் இல்லாம நல்லாத்தான் போட்டிருக்கோம்னு தோணுச்சு. மச்சான் செத்துக் கெடக்காரு, எனக்கு இது தோணுச்சு.

மதியத்துக்கு மேல எடுத்தாங்க. நான் பொறந்த வூட்டுக்காரன், கோடித்துணியோட பின்னாடி வர்றேன். முன்னாடி தப்பு அடிக்கிறாங்க, சங்கு ஊதுறாங்க, அறிவழகன் கொள்ளிச்சட்டி எடுத்துக்கிட்டுப் போறான். வாசல்கிட்ட வந்ததும் தப்புச் சத்தம் நின்னுடுச்சு. ஏன் நின்னுச்சுன்னு எனக்கு ஒடனே புரியல தம்பி. சாமி சத்தியமா ஒடனே புரியல. அப்புறம் ஒவ்வொருத்தரா விலகி எனக்கு வழி விட்டாங்க. அத்தனை பேரும் என்னைப் பாத்தாங்க.

முன் தோள் குடுத்த ரெண்டு பேரு கம்பிக்குள்ள போயிட்டானுவ. திரும்புற எடத்துல பாடை இடிச்சு நிக்குது. ஆறடி ஆளு, மூங்கில் அதுக்கு மேல ரெண்டு பக்கமும் நீண்டுக்கிட்டு இருக்கும். திரும்பாது. மேல தூக்கித் தாண்டலாம்னா ஆள் உயரத்துக்கு மேல கம்பி, அதுக்கு மேல தகர வளைவு. பின்னாடி போவலாம்னா கெழவனுங்க கத்துறானுங்க, எடுத்த பொணத்தை ஊரைப் பாத்துத் திருப்பக் கூடாதுன்னு. ஆத்துல எறங்கலாம்னா வெள்ளம். மழை வேற தூறுது.

எவனோ ஒருத்தன் சொன்னான், வெல்டிங் பட்டறைல சொல்லி அறுத்துப் போட்டுடலாம்னு. நான் விடல. அரசாங்கச் சொத்து தம்பி. அறுத்தா நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க? செயலாளர் நிக்கிறப்பவே அறுத்தாங்கன்னு பேரு வராதா? நான் சொல்றது சரியா தப்பா?

நான்தான் பதட்டப்படாம யோசிச்சேன். இது நான் போட்ட கம்பி, அதுல என்ன போவும் என்ன போவாதுன்னு எனக்குத் தெரியாதா? படுத்த வாக்குலதான் போவாது. அதனால சொன்னேன். கயிறு நல்லா இறுக்கித்தானே கட்டியிருக்கு, கொஞ்சம் நிமித்திப் புடிங்க, நிமித்தினா ஆள் போற மாதிரி போயிடும், ரெண்டே திருப்பம்தான்னு.

அறிவழகன் வேணாம் மாமான்னான். ஒரு நிமிஷம்டா, ஒண்ணும் ஆவாதுன்னேன். நிமித்தினாங்க. நான் முன்னாடி உள்ள போயிட்டேன், வாங்கி விடுறதுக்கு. கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மச்சான். மழைல கயிறு நனைஞ்சு எளகியிருக்கும் போல. மூங்கில் மட்டும் மேலயே நின்னுச்சு, அவரு மெதுவா எறங்கினாரு. கால் தரைல பட்டுச்சு. கால் கட்டு கட்டின ரெண்டு பாதமும் சேந்தாப்புல என் கான்கிரீட்டு மேல ஊனிக்கிச்சு. நாடிக்கட்டோட மொகம் எனக்கு நேரா. நெத்திக் காசு உருண்டு என் செருப்புகிட்ட வந்து விழுந்துச்சு. நான் ரெண்டு கையையும் கம்பிக்குள்ள விட்டு அவரை அணைச்சாப்புல புடிச்சிக்கிட்டேன். இல்லாட்டி விழுந்துடுவாரு. தோள்ல அவரு மோவாய். ரோசாப்பூ வாசனை. அப்பா நிக்கிறாரு மாமா, அப்பா நிக்கிறாருன்னு அறிவழகன் கொள்ளிச்சட்டியோட தரைல உக்காந்துட்டான்.

எவ்வளவு நேரம்னு கேட்டா எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம்தான் இருக்கும். பெருசாப் பேசுற அளவுக்கு இல்ல.

அதுக்கு மேல யாருக்கும் தெம்பு இல்ல. திருப்பிட்டாங்க. ஊருக்குள்ளயே திருப்பி, குட்டியானை வண்டி ஒண்ணைப் புடிச்சு அதுல ஏத்தி, இந்த பைபாஸு வழியாச் சுத்திக் கொண்டு போய் எரிச்சாச்சு. முறைப்படி எல்லாம் நடந்துச்சு தம்பி. கட்டை நல்லா வெந்துச்சு. அப்புறம் என்ன? ஒரு மனுசன் போயிட்டாரு, போவ வேண்டிய எடத்துக்குப் போயிட்டாரு. அவ்வளவுதானே?

கருமாதி அன்னிக்குக் கோடிச் சேலை எடுத்துக்கிட்டுப் போனேன். பொறந்த வூட்டுச் சேலை. அக்கா நடுக் கூடத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சு. தையல்நாயகின்னு பேரு, அதட்டிப் பேசத் தெரியாத பொம்பள. சேலையைக் கைல வாங்கிக்கிச்சு, கட்டிக்கல. அப்படியே கொடியில போட்டுட்டு என்கிட்ட வந்து மெதுவாச் சொல்லுது. கொழுந்து, அவரு போவலடா. இங்கதான் நிக்கிறாரு.

என்னக்கா பேசுறன்னேன். நிக்கிறாருடா, உக்கார மாட்டேங்கிறாரு. நான் பாயைப் போட்டா பாயோரத்துல நிக்கிறாரு. சோத்தைப் போட்டு வச்சா இலைக்குப் பக்கத்துல நிக்கிறாரு. உக்காருங்களேன், காலு வலிக்கலையான்னு எத்தனை தடவை கேட்டுட்டேன். என் பேச்சைக் கேக்கல. நிக்க வச்சது நீதானே? நீ வந்து உக்காருங்க மச்சான்னு ஒரு வார்த்தை சொல்லு, உக்காந்துடுவாரு. அப்புறம் அவரு பாட்டுக்குப் போயிடுவாருங்குது.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. சனம் எல்லாம் உக்காந்திருக்கு, இலை போட்டுச் சாப்புடுது. அத்தனை பேர் முன்னாடி வெறுங் கூடத்தைப் பாத்து நான் உக்காருங்கன்னு சொல்லணுமாம். சொன்னா என்ன அர்த்தம்? நான்தான் அவரை நிக்க வச்சேன்னு ஊர் அறிய ஒத்துக்கிட்டதா ஆயிடாதா? நான் என்ன வேணும்னா பண்ணினேன்? பைத்தியக்காரத்தனமாப் பேசாதக்கான்னு சொல்லிட்டு, சாப்பிடாம எந்திரிச்சு வந்துட்டேன்.

அன்னிலேர்ந்து அக்கா என்கிட்டப் பேசல. எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான் தம்பி. அம்மா போனப்புறம் என்னைக் குளிப்பாட்டி வளத்தது அதுதான். பொங்கலுக்கு ஒரு வார்த்தை இல்ல. நானும் வீம்பா இருந்தேன்.

அதுகூடப் பரவால்ல. அறிவழகன் போன் பண்ணிச் சொல்றான், அம்மா உக்கார மாட்டேங்குது மாமான்னு. அவரு நிக்கையில நான் எப்படி உக்காருறதுங்குதாம். நின்னுக்கிட்டே சமைக்குது, நின்னுக்கிட்டே சாப்பிடுது. ராத்திரி சொவத்துல சாஞ்சிக்கிட்டு நிக்குதாம், கண்ணு சொக்கி அப்படியே சரிஞ்சாத்தான் தூக்கமாம், முழிச்சதும் மறுபடி எந்திரிச்சிடுமாம். எழுவது வயசுப் பொம்பள. காலு ரெண்டும் வீங்கி, நரம்பு கறுத்து, தோலு வெடிச்சுத் தண்ணி கசியுது. ஆஸ்பத்திரில படுக்க வச்சாங்க, கட்டில்லேர்ந்து எறங்கி நிக்குது. இப்படியே போனா காலை எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லிட்டாராம். பொய்யாவாச்சும் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க மாமா, உங்க காலைப் புடிச்சிக்கிறேன்னு அழுவுறான்.

மாசி வந்துடுச்சு. நானும் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே வந்தேன். குழு வேலை இருந்துச்சு. பாலத்துல செடி வைக்கணும்னாங்க, சைக்கிளுக்குக் கோடு அழிஞ்சுபோச்சுன்னாங்க. நேத்து மறுபடி போன். அம்மா வாசப்படில விழுந்துடுச்சு, தூக்கி விட்டா மறுபடி நிக்குதுன்னு. அதான் இன்னிக்குக் கெளம்பினேன். பாத்துட்டு வரத்தான் போறேன். ஆப்பிள் வாங்கியிருக்கேன். அந்த வார்த்தையை எல்லாம் சொல்லப் போறதில்ல. இல்லாத ஆளைப் பாத்து எதுக்குச் சொல்லணும்? வூட்டுல நிக்கிறாருன்னு அக்கா சொல்லுது. வூட்டுல எப்படி நிப்பாரு? அவருதான் அன்னிலேர்ந்து எங்கூடவே...

ஒண்ணுமில்ல தம்பி.

யாரும் இல்ல. படிக்கட்டுல யாரும் இல்லைன்னு எனக்கும் தெரியும். நான் படிச்சவன், கணக்குப் போட்டு வேலை பாத்தவன். பேய் பிசாசுன்னா சிரிக்கிற ஆளு. குழுக் கூட்டம் நடக்கும், கதவுகிட்ட நிப்பாரு. முடி வெட்டிக்க உக்காந்தா கண்ணாடில எனக்குப் பின்னாடி நிப்பாரு. வூட்டுல நான் சாப்பிடுறப்ப அடுப்படி நெலைல தலை இடிக்காம குனிஞ்சாப்புல நிப்பாரு. ஒண்ணும் கேக்க மாட்டாரு. கோவமும் இல்ல. எறங்குற எடம் வந்துடுச்சான்னு பாக்குற மாதிரி என்னைப் பாப்பாரு. அவ்வளவுதான். நாடிக்கட்டு கூட இன்னும் அவுக்கல.

பாலத்துல நான் நடக்காதது முட்டி வலியால இல்ல தம்பி. அந்த எடத்தை என்னால தாண்ட முடியல. ரெண்டு மூணு தடவை போய்ப் பாத்தேன், உள்ள நொழைஞ்சு வலது பக்கம் திரும்பினா எதுக்கால நிக்கிறாரு. ஒரு ஆள் போற அளவுக்குத்தான் எடம் விட்டிருக்கேன். அவரைத் தள்ளிட்டா நான் போறது?

எனக்குப் பயமா இருக்கு. சொல்லிட்டேன், பயமாத்தான் இருக்கு. அக்கா செத்துடுமோன்னு பயமா இருக்கு. செத்தா அதையும் அந்த வாசலுக்குத்தானே கொண்டு வருவாங்க?

அழுவல. தூசி.

நீங்க ஒரு உதவி பண்ணுவீங்களா? இப்படி என் பக்கமா நெருங்கி உக்காருங்களேன். இன்னும் கொஞ்சம். அந்தப் பையை மடில வச்சுக்குங்க. மூணு பேரு உக்காருற சீட்டுதானே இது. புதுசா யாரும் ஏறல தம்பி, ஏற்கெனவே ஏறினவருதான். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து படிக்கட்டுக் கம்பியைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. ஐப்பசிலேர்ந்து நிக்கிறாரு. நான்தான் நிக்க வச்சேன். நான்தான் நிமித்திப் புடிக்கச் சொன்னேன், அவன் வேணாம் வேணாம்னான், நான்தான் சொன்னேன்.

மச்சான்.

உக்காருங்க மச்சான். எடம் இருக்கு. உக்காருங்க.

...

இந்தா, தென்கரை வாசல் வந்துடுச்சு தம்பி. எறங்குங்க. எனக்கு அடுத்த ஸ்டாப்பு, அக்கா வாசல்லயே நிக்கும், போய் அதையும் உக்கார வைக்கணும். பையை எடுத்துக்கிட்டீங்களா? முன் சீட்டைப் புடிச்சிக்கிட்டு அப்படியே ஓரமாப் போங்க, அவரு காலு இடிக்காம. பாத்து, எழுப்பிடாதீங்க. இப்பத்தான் உக்காந்திருக்காரு.